மாத்திரை இலவசம், பஸ் காசும் கூலியும்? எச்.ஐ.வி. சிகிச்சையை விடாமல் தொடர உதவும் சின்னச் சின்ன உதவிகள்

தென்னூரில் இருந்து புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் எல்லாரும் தென்னூரில் இருப்பதில்லையே! துறையூர் பக்கமோ மணப்பாறை பக்கமோ கூலி வேலை செய்பவருக்கு மையத்துக்கு வரும் நாள் என்றால் போக வர பஸ் காசு, வெளியில் ஒரு சாப்பாடு, அன்றைய கூலியும் போச்சு. மாத்திரை இலவசம்தான், அதை வாங்க வரும் நாள் இலவசம் இல்லை.

இந்தச் செலவை ஈடுகட்ட கொஞ்சம் பணமோ பொருளோ கொடுத்தால், சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் குறைவார்களா? உலகின் பல இடங்களில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம்ம சென்னையிலும் பார்த்திருக்கிறார்கள்.

விடாமல் சாப்பிடுவது ஏன் முக்கியம்?

இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியான எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்பது நடைமுறை. இப்போது பெரும்பாலான பெரியவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும்.

இந்த மாத்திரை வைரஸை அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் வைரஸ் திரும்பவும் பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம். 100-க்கு 95 வேளையாவது தவறக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அதாவது 30 நாளில் ஒரு மாத்திரைக்கு மேல் விடக்கூடாது.

ஒழுங்காகச் சாப்பிட்டால் பலன் பெரிது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், பாலுறவு மூலம் துணைக்குத் தொற்று போகாது.

சென்னை சோதனை சொன்னது என்ன?

சென்னையில் போதைப் பழக்கம் உள்ள, எச்.ஐ.வி. தொற்றும் உள்ள 120 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால், சிகிச்சை தொடங்கினால், மாதாமாதம் வந்தால், வைரஸ் அடங்கினால் என்று ஒவ்வொரு படிக்கும் வவுச்சர். அதை வைத்து உணவுப் பொருளோ வீட்டுச் சாமானோ வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு பிரிவினருக்கு இந்த இலக்கு வவுச்சர் கிடையாது.

2014-ல் வெளியான முடிவின்படி, வவுச்சர் பிரிவில் 45 சதவீதம் பேர் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மற்ற பிரிவில் 27 சதவீதம்தான். வவுச்சர் பெற்றவர்கள் மாதாந்திர வருகையிலும் முன்னால் இருந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் வைரஸ் அடங்கியவர்களின் அளவில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதில் இருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். வவுச்சர் ஆளை வாசல் வரை கூட்டி வரும். தினமும் மாத்திரையை வாயில் போட வைக்க வவுச்சர் மட்டும் பத்தாது. அதற்கு ஆலோசனை, குடும்பத்தின் துணை, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை எல்லாம் கூடவே வேண்டும்.

எங்கே பணம் நன்றாக வேலை செய்தது?

ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், ஷின்யாங்கா பகுதியில், புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 530 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒழுங்காக மையத்துக்கு வந்தால் மாதம் சுமார் 4.50 டாலர் அல்லது 10 டாலர், ஆறு மாதம் வரை கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில், சிகிச்சையில் நீடித்து வைரஸும் அடங்கியவர்கள்: பணம் பெறாதவர்களில் 73 சதவீதம், சிறிய தொகை பெற்றவர்களில் 83, பெரிய தொகை பெற்றவர்களில் 86. தொகை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் பலன் கொஞ்சம்தான் கூடியது. அதாவது, முதல் சில மாதங்களில் வந்து போகும் செலவைத் தாங்கும் அளவு உதவியே பெரிய வித்தியாசம் செய்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலும் வாஷிங்டனிலும், வைரஸை அடக்கி வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 70 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். அங்கே கிடைத்த முன்னேற்றம் 3.8 சதவீதப் புள்ளிதான். செலவுதான் தடை என்றால் பணம் உதவும். பயம், வெட்கம், மறதி தடை என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

நமக்கு இப்போது என்ன இருக்கிறது?

விடியல் பயணம்: 2021 மே முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும் இது உண்டு. ஸ்ரீரங்கத்தில் இருந்து வரும் ஒரு பெண் 'எதற்காகப் போகிறேன்' என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ரயில் சலுகை: நியமிக்கப்பட்ட ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சிகிச்சைக்காகப் போகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் 50 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்று வாங்க வேண்டும்.

காசநோயும் இருந்தால்: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் வரும். காசநோய் சிகிச்சைக்குப் பதிவானவர்களுக்கு 'நிக்ஷய் போஷண்' திட்டத்தில் ஊட்டச்சத்துக்காக நேரடியாக வங்கிக் கணக்கில் பணம் வருகிறது. 2018-ல் மாதம் ரூ.500 என்று தொடங்கியது, 2024 நவம்பர் முதல் ரூ.1,000. வங்கிக் கணக்கு விவரம் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை சரிபாருங்க.

வருகையைக் குறைப்பது: உடல்நிலை சீராக இருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கலாமா, ஒரே தடவையில் இரண்டு மூன்று மாத மாத்திரை கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்க. ஒரு பயணம் குறைந்தால் ஒரு நாள் கூலி மிச்சம். அதுவும் ஒரு நிதி உதவிதானே?

குழந்தைகளுக்கு: எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009-ல் தனி அறக்கட்டளை அமைத்தது. இதைப் பற்றி மைய ஆலோசகரிடம் விசாரிக்கலாம்.

உதவி கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

நிறைய பேர் சலுகையே வேண்டாம் என்று ஒதுங்குவது இந்தப் பயத்தால்தான். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் சில சூழல்கள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை யாரும் வெளியிடக்கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக்கூடாது.

மொபைலிலும் கவனம் தேவை. வீட்டில் எல்லாரும் எடுக்கும் போன் என்றால் மெசேஜ் திரையில் தெரியாதபடி செட்டிங் மாற்றுங்க. தினசரி அலாரத்துக்கு 'தண்ணீர் குடி' என்று பெயர் வைத்தாலும் போதும், உங்களுக்குப் புரிந்தால் சரி.

நடுவில் விட்டுவிட்டீர்களா?

திட்டுவார்களோ என்று தள்ளிப் போடாதீங்க. நாளை காலையே மையத்துக்குப் போங்க. வீட்டில் மீதி இருக்கும் மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், எத்தனை நாள் விட்டது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்க. 'பஸ் காசு இல்லை', 'கங்காணி லீவு தரவில்லை' என்பதையும் சொல்லுங்க. காரணம் தெரிந்தால்தான் ஆலோசகர் அதற்கேற்ற வழி சொல்ல முடியும்.

சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யலாம். பக்கத்து ஏ.ஆர்.டி. மையம் எது, பரிசோதனை எங்கே என்பதையும் அதில் கேட்கலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் போனில் சேமித்து வையுங்க. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், தெரிந்தவர் ஒருவருக்கு உதவும்.