புறக்கதையாகும் பழனிமலை: ஏ. பி. நாகராஜனின் நாடக, திரைப் பயணத்தில் ‘திருவிளையாடல்’

முன்னுரை

நாடக நடிகராகத் தொடங்கித் திரைக்கதை ஆசிரியராகவும் இயக்குநராகவும் உயர்ந்தவர் ஏ. பி. நாகராஜன் (1928–1977). அவருடைய புராணப் படங்களைப் ‘படமாக்கப்பட்ட மேடை நாடகங்கள்’ என்று குறைத்து மதிப்பிடும் போக்கு திரைத் திறனாய்வில் உண்டு. மேடைத்தன்மை அவருடைய படங்களில் இருப்பது உண்மையே. அது வெறும் எச்சமா, கதைக்கட்டுமானத்தின் ஆற்றலா என்பதே வினா. ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் பழனிமலைப் புறக்கதையைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாடக மரபும் நாகராஜனும்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்றவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். அவர்களுடைய குழுவில் சிறுவனாகச் சேர்ந்த நாகராஜன் பெண் வேடங்களும் ஏற்று நடித்தார். பின்னர்ப் ‘பழனி கதிரவன் நாடக சபா’ என்னும் குழுவைத் தாமே நடத்தினார். அவர் எழுதிய ‘நால்வர்’ நாடகம் 1953இல் திரைப்படமானபோது, அதில் நடிகராகவும் எழுத்தாளராகவும் திரைக்கு வந்தார். ‘டவுன் பஸ்’ (1955), ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) முதலிய படங்களுக்கு எழுதிய பின், ‘வடிவுக்கு வளைகாப்பு’ (1962) படத்தின்வழி இயக்குநரானார்.

நாடகத்துடனான உறவு இத்துடன் அறுபடவில்லை. ‘நவராத்திரி’ (1964) படத்தில் தெருக்கூத்து ஒரு முழுக் காட்சியாக இடம்பெற்றது. டி. கே. எஸ். குழுவினர் மேடையேற்றிய ‘ராஜராஜ சோழன்’ 1973இல் அவருடைய இயக்கத்தில் திரைவடிவம் பெற்றது.

பழனி: இரு மரபுகள்

கொடைக்கானலைத் தன்மேல் தாங்கிய பழனி மலைத்தொடரின் வடக்கே தனித்து நிற்பது பழனிக்குன்று. அகநானூற்றின் முதற்பாடல் நெடுவேள் ஆவியின் பொதினியைக் குறிக்கிறது. அப்பொதினியே இன்றைய பழனி என்பர். திருமுருகாற்றுப்படை மூன்றாவதாகப் பாடும் ஆவினன்குடியில் முருகன் துணைவியோடு தங்கியிருக்கிறான். முனிவரும் தேவரும் அவனை நாடி வருகின்றனர். நான்முகனுக்கு நேர்ந்த இடர் நீங்கவேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள். கனிக்காகச் சினந்து வந்த பிள்ளையாக முருகன் அங்கே காட்டப்படவில்லை. ‘பழம் நீ’ என்னும் பெயர்விளக்கத்தோடு வழங்கும் தலக்கதை வேறொரு மரபைச் சார்ந்தது.

நாகராஜன் தலக்கதையையே எடுத்துக்கொள்கிறார். எனினும் ஆற்றுப்படை காட்டும் சூழலின் வடிவமும் அவர் படத்தில் அமைந்துவிடுகிறது. முருகன் இருக்கும் இடத்தை நாடிப் பிறர் வேண்டி வருகின்றனர். முதலில் ஔவை வருகிறாள், பின்னர்ப் பார்வதி வருகிறாள். இரு மரபிலும் ஆவினன்குடி வேண்டுகோளின் களமாகவே நிற்கிறது.

புறக்கதையும் கதைத்தேர்வும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 64 படலங்களைக் கொண்டது. படத்தில் பார்வதி முருகனுக்குச் சொல்லும் கதைகள் நான்கு: தருமியின் கதை, தக்கன் வேள்வி, வலை வீசிய கதை, விறகு விற்ற கதை. இவற்றுள் தருமி கதை 52, 53ஆம் படலங்களையும், வலை வீசிய கதை 57ஆம் படலத்தையும், விறகு விற்ற கதை 41ஆம் படலத்தையும் தழுவியவை. தக்கன் வேள்வி அந்த 64 திருவிளையாடல்களுள் ஒன்றன்று. அது கந்தபுராணம் விரித்துரைக்கும் கதை. மதுரைப் புராணத்தின் பெயரைத் தாங்கிய படத்துள் அக்கதை புகுந்ததற்குக் காரணம் என்ன?

விடை பழனிமலையில் உள்ளது. கதை கேட்பவன் தந்தையின்மீது சினம்கொண்ட மகன். சொல்பவள் அவன் தாய். தக்கன் வேள்வியில் கணவனின் சொல்லை மீறி அவனுடைய சினத்துக்கு ஆளானவள் அவளே. வலை வீசிய கதையில் சாபம் பெற்றுப் பரதவர் மகளாகப் பிறந்தவளும் அவளே. நான்கில் இரண்டு கதைகள் அவள் பட்டறிந்தவை. ‘தந்தை செய்தது விளையாட்டு’ என்று பிறர் கூறினால் அது அறிவுரை. அவ்விளையாட்டில் துன்புற்றவளே கூறும்போது அது சான்றாகிறது. புறக்கதையின் இந்நாடகத் தேவையே புராணத்திற்கு வெளியிலிருந்து தக்கன் கதையை வருவித்தது எனக் கொள்வது பொருந்தும்.

கூத்தில் கட்டியங்காரன் நிகழ்ச்சிகளை இணைக்கிறான். ஆயினும் அவன் கதைக்கு வெளியே நிற்பவன். நாகராஜனின் பார்வதி கதைகளை இணைப்பதோடு அவற்றுள் பாத்திரமாகவும் வாழ்கிறாள். மேடை மரபு திரையில் அடைந்த வளர்ச்சி இது.

ஔவையும் நக்கீரரும்

பழனிக்கு முதலில் வரும் ஔவையாக நடித்தவர், நாடக மேடையில் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள். அவர் ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) படத்திலும் அவ்வேடம் ஏற்றவர். அதற்கு முன்பே மேடையில் ஔவையாக நடித்து ‘ஔவை’ என்னும் அடையைப் பெற்றவர் நாகராஜனின் நாடக ஆசான் டி. கே. சண்முகம். எனவே பழனிக் காட்சியில் தோன்றும் ஔவை, இலக்கிய மரபோடு நாடக மரபையும் உடன்கொண்டு வருகிறாள்.

இயக்குநர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட வேடம் நக்கீரர். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை முன்வைத்துச் சங்கத்தில் நிகழும் அவ்வாதம், அசைவைக் குறைத்துக் குரலையும் சொல்லையும் நம்பிய காட்சி. நாடகப் பயிற்சியின் நேர்ப்பயன். ஆவினன்குடியைப் பாடிய திருமுருகாற்றுப்படையின் ஆசிரியராக மரபு போற்றுபவரும் நக்கீரரே. இதனால் பழனியில் சொல்லப்படும் முதற்கதை, பழனியைப் பாடியவரின் கதையாகவும் அமைகிறது. சினந்த மகனுக்குத் தாய் முதலில் எடுத்துரைப்பது, குற்றம் கண்டவிடத்து இறைவனையும் எதிர்த்து நின்ற ஒரு புலவரின் கதை என்பதும் கருதத்தக்கது. மகனின் வினாவை அவள் மறுக்கவில்லை. அவ்வாறு வினவியவர் முன்பும் உண்டு என்று ஏற்றுக்கொண்டே தொடங்குகிறாள்.

முடிவுரை

‘திருவிளையாடல்’ படத்தில் பழனிமலை பின்னணிக் காட்சி மட்டுமன்று. தனித்தனிக் கதைகளை ஒரே நாடகமாக்கும் அரங்கு அது. எக்கதை இடம்பெறவேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அவ்வரங்கை நாகராஜன் தம் நாடக அனுபவத்திலிருந்தே உருவாக்கினார். ஆகவே அவருடைய படங்களின் மேடைத்தன்மையைத் திரைமொழி அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது. ‘கந்தன் கருணை’ (1967), ‘திருவருட்செல்வர்’ (1967) ஆகிய படங்களின் கதையிணைப்பு முறையையும் இந்நோக்கில் ஆராய்ந்தால், தமிழ்ப் புராணப் படத்தின் வடிவ வரலாறு மேலும் தெளிவுறும்.