மஞ்சள் முக்கோணம் சொல்வது என்ன? டிரைவர் பிழைகளைப் புரிந்து கொள்வோம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பக்கத்து வீட்டு நண்பர் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு வந்தார். "சார், விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து வைஃபை வரவில்லை. கார்டு செத்துவிட்டது, மாற்ற 3,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். பொண்ணு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றார்.

பணத்தைக் கொடுக்கும் முன் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். அந்த இடத்தின் பெயர் டிவைஸ் மேனேஜர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய அனைவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில், டிரைவர் என்றால் என்ன? பிரிண்டர், சவுண்ட், வைஃபை கார்டு என ஒவ்வொரு சாதனமும் தனித்தனி முறையில் இயங்குபவை. இவை அனைத்தின் பாஷையும் விண்டோஸுக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிறிய புரோகிராம்தான் டிரைவர். அது இல்லாவிட்டால், நல்ல நிலையில் உள்ள சாதனமும் ஊமையாகிவிடும்.

ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் டிவைஸ் மேனேஜர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்கள் எல்லாம் பட்டியலாகக் காட்டப்படும். ஏதேனும் ஒன்றின் மீது மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அங்கே பிரச்னை உள்ளது. கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அந்தச் சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

அதன் மீது டபுள் கிளிக் செய்தால் ஜெனரல் டேபில் டிவைஸ் ஸ்டேட்டஸ் என்ற கட்டம் இருக்கும். அதில் ஒரு வாக்கியமும், கோட் என்ற சொல்லுடன் ஓர் எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்துக் கொள்ளவும். அடிக்கடி வரும் எண்கள் இவை:

கோட் 28: டிரைவர் பதியப்படவே இல்லை. சரியான டிரைவரைப் பதிந்தால் போதும்.

கோட் 22: சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ரைட் கிளிக் செய்து எனேபிள் டிவைஸ் என்பதைக் கிளிக் செய்திடவும்.

கோட் 14: கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால்தான் சாதனம் இயங்கும்.

கோட் 10: சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. ரீஸ்டார்ட் செய்து பார்த்த பின் டிரைவரைப் புதுப்பிக்கவும். அப்டேட் ஆன பிறகுதான் இந்தப் பிழை வந்தது என்றால், டிரைவர் டேபில் உள்ள ரோல் பேக் டிரைவர் மூலம் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். பழைய டிரைவர் சேமிக்கப்படாமல் இருந்தால் இந்தப் பட்டன் மங்கலாகத் தெரியும்.

கோட் 39: டிரைவர் பைல் கெட்டிருக்கலாம் அல்லது காணாமல் போயிருக்கலாம். ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, மீண்டும் டிரைவரைப் பதியவும்.

கோட் 43: சாதனமே தன்னிடம் கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. யுஎஸ்பி சாதனம் என்றால் கழற்றி வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கவும். வேறொரு கம்ப்யூட்டரிலும் இதே பிழை வந்தால், சாதனம்தான் பழுது என்று சந்தேகிக்கலாம்.

நண்பரின் லேப்டாப்பில் அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று மஞ்சள் குறியுடன் இருந்தது. திறந்து பார்த்தால் கோட் 28! கார்டு சாகவில்லை, டிரைவர்தான் இல்லை.

இதை உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு. அதே விண்டோவில் டீடெய்ல்ஸ் டேப் சென்று, பிராப்பர்ட்டி பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதில் வி.இ.என். என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். 8086 என்றால் இன்டெல். 1978ல் அந்நிறுவனம் வெளியிட்ட பிராசசரின் பெயரும் இதுதான். 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். இந்த எண்ணை விண்டோஸ் படித்துக் காட்டுகிறது என்றால், அந்தக் கார்டு பதில் சொல்கிறது என்றுதானே பொருள்? முழுவதும் செத்துப் போன கார்டு பெரும்பாலும் பட்டியலிலேயே வராது.

சரி, டிரைவரை டவுன்லோட் செய்ய இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். என்ன செய்வது? ஆண்ட்ராய்ட் போனை டேட்டா கேபிளால் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்தேன். போனின் இன்டர்நெட் லேப்டாப்புக்கு வந்துவிட்டது. லேப்டாப் நிறுவனத்தின் இணைய தளம் சென்று, அடிப்பக்கத்தில் அச்சிட்டிருந்த மாடல் எண்ணைக் கொடுத்து, வைஃபை டிரைவரை இறக்கிப் பதிந்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் குறி மறைந்தது. அன்று இரவே அப்ளிகேஷனும் போய்ச் சேர்ந்தது.

சில எச்சரிக்கைகள். டிரைவரை மாற்றும் முன் சிஸ்டம் ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றை உருவாக்கிக் கொள்ளவும். "உங்கள் டிரைவர்கள் பழையதாகிவிட்டன" என்று பயமுறுத்தும் விளம்பரப் புரோகிராம்களை இறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் அல்லது சாதனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளமே பாதுகாப்பானது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று சென்றாலும் டிரைவர்கள் கிடைக்கும். நன்றாக இயங்கும் சாதனத்தின் டிரைவரைத் தேவையின்றி மாற்றாதீர்கள்.

அடுத்த முறை ஏதேனும் சாதனம் இயங்கவில்லை என்றால், பர்ஸைத் திறக்கும் முன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள எண்ணைக் குறித்துக் கொண்டு கடைக்குச் சென்றால், நீங்கள் கேட்கும் கேள்வியும் தெளிவாக இருக்கும். கிடைக்கும் பதிலும் தெளிவாக இருக்கும்.