நூறு டாலர் கட்டும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிக் வண்டி விளையாட்டை முழுவதும் ஆடிப் பார்த்தேன். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் வண்டி, ஊர் ஊராகப் போய் ராடு மாட்டும் ஆட்கள், தண்ணீர் வருமா வராதா என்று குழியையே பார்த்து நிற்கும் காட்டுக்காரர். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் செய்திருக்க முடியும். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே பறக்கும் புழுதி மெல்ல ஈரமாகி நிறம் மாறுகிற இடத்தில் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டீம் என்கிற இணைய விளையாட்டுக் கடையில் போட நூறு டாலர் கேட்கிறார்கள், கடன் வாங்கிக் கட்டிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கட்டத்தான் வேண்டும். ஆனால் இப்போது கட்டாதே.

நம் பணத்தில் அது 8,000 ரூபாய்க்கு மேல். அதை ஏன் வாங்குகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள். 2012இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் கிரீன்லைட் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. எந்த விளையாட்டு கடைக்குள் வரலாம் என்று ஆடுபவர்களே ஓட்டுப் போடுவார்கள். வந்த சில நாட்களிலேயே குப்பை குவிந்துவிட்டதால், ஒரு கணக்குக்கு ஒருமுறை நூறு டாலர் என்று வைத்து அதைக் குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குப்பை நிற்கவில்லை. இலவசப் பிரதி தருகிறேன், ஓட்டுப் போடு என்று பேரம் நடந்தது. 2017 ஜூனில் கிரீன்லைட்டை மூடிவிட்டு, விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் என்கிற இன்றைய முறைக்கு வந்தார்கள்.

அதற்கு முன் அந்த ஆண்டு பிப்ரவரியில், கட்டணம் எவ்வளவு வைக்கலாம் என்று பேச்சு நடந்தபோது 100 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை அடிபட்டது. அன்றைய மதிப்பில் 5,000 டாலர் மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல். தொகையைக் கூட்டினால் தரம் தானாகக் கூடும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அந்த வாதம் எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. பணம் இருப்பவனை அந்தத் தொகை சலிக்கும். வேலை தெரிந்தவனைச் சலிக்காது. ராசிபுரத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து செய்கிற உன்னைத்தான் முதலில் வெளியே நிறுத்தியிருக்கும். கடைசியில் நூறிலேயே நின்றது நல்ல முடிவு.

ஆனால் அந்த நூறு டாலருக்கு உனக்குத் தர முத்திரை எதுவும் கிடைக்காது. ஸ்டீமில் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கத்தான் செய்கிறார்கள். விளையாட்டு திறக்கிறதா, கடைப் பக்கத்தில் சொன்ன வசதிகள் உள்ளே இருக்கின்றனவா, படங்களில் ஏமாற்று உண்டா, சட்டத்துக்குப் புறம்பானது ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். ஆட நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். 2018இல் வால்வே வெளிப்படையாக அறிவித்தது: சட்டவிரோதமானதும் வெறும் சீண்டலுக்குச் செய்ததும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடமுண்டு. 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வெளியாயின.

நம் சேலத்து ஜவ்வரிசிக்கு சேகோசர்வ் இருக்கிறது. 1981இல் தொடங்கிய கூட்டுறவு. அங்கே மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். விளையாட்டுக் கடையில் மாதிரி எடுக்கிற மேசையே கிடையாது. அந்த வேலையை நீதான் செய்யவேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தமிழ் எழுத்திலிருந்து தொடங்கு என்பேன். உன் விளையாட்டின் மூன்றாவது காட்சியில் டிரைவர் பேசும் வசனத்தை நிறுத்திவைத்துப் பார். 'செ' என்பதில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கு'வில் உகரம் ஒட்டாமல் தனியே தொங்குகிறது. நீ பயன்படுத்தும் யூனிட்டி என்ஜினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். தமிழுக்கு வேண்டிய இடமாற்றத்தையும் சேர்க்கையையும் தானாகச் செய்யாது. நீ எழுதியது சரிதான், திரையில் வருவதுதான் தப்பு. எழுத்தைச் சரியாகக் கோத்துத் தரும் ஒரு செருகுநிரலைச் சேர்க்கவேண்டும், அல்லது அதற்கேற்ற பழைய குறியாக்க எழுத்துருவுக்கு வசனங்களை மாற்றவேண்டும். கோடோ 4 என்ஜினில் செய்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. அது தமிழைத் தானே கோத்துவிடும். தமிழ் படிக்கத் தெரியாத எந்தப் பரிசோதகர் கண்ணுக்கும் இது பிழையாகத் தெரியாது. மொழிப் பட்டியலில் தமிழ் என்று டிக் போட்டிருப்பாய், அவர்களும் சரியென்று விட்டுவிடுவார்கள். சங்ககிரியில் ஒருவர் வாங்கித் திறந்த அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். நம் மொழியில் ஆட ஒன்று கிடைத்ததே என்று ஆசையாக வந்தவரை அப்படி அனுப்பிவிடாதே.

அடுத்தது, ஆடிச் சோதிக்க ஆள். கூகுள் பிளேயில் கட்டணம் ஒரே ஒருமுறை 25 டாலர்தான். ஆனால் தனிநபர் கணக்கைப் புதிதாகத் தொடங்கினால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தாகவேண்டும். 2023 இறுதியில் இதைக் கொண்டுவந்தபோது 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். இதைத் தொந்தரவு என்று பலர் திட்டுகிறார்கள்; நீ என்னுடைய விளையாட்டில் சேர், நான் உன்னுடையதில் சேர்கிறேன் என்று கணக்குக்கு ஆள் காட்டுகிறவர்களும் உண்டு. நீ அதைச் செய்யாதே. ஸ்டீம் கேட்காவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடிப் போ. அதில் பாதிப் பேராவது ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்களாக இருக்கட்டும். கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார். வாயைத் திறக்காதே. இங்கே அழுத்துங்கண்ணா என்று சொல்லத் தோன்றுகிற ஒவ்வொரு இடமும் நீ திருத்தவேண்டிய இடம். ஊரில் இல்லாதவர்களுக்கு இட்ச்.ஐஓவில் ஒரு முன்னோட்டத்தைப் போடு. அங்கே ஏற்றக் கட்டணமே கிடையாது, பிரவுசரிலேயே ஆடலாம்.

விளையாட்டு சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டிருக்கிறாய். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 'வெண்பா'வைப் பார். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதையே புதிராக்கியிருக்கிறார்கள். முழுவதையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்க விதி இடம் கொடுக்கத்தான் செய்கிறது. அதற்குப் பயந்து அவர்கள் கதையை இழுக்கவில்லை. 2024இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. உன் கதைக்கு ஒன்றரை மணி நேரம் போதுமென்றால் ஒன்றரை மணி நேரமே இருக்கட்டும். நேரத்தைக் கூட்டுவதற்காக நீ சேர்த்திருக்கும் அந்த டீசல் வாங்கும் காட்சிகளை எடுத்துவிடு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருமானம் 1,000 டாலரைத் தொட்டால் அந்த நூறு டாலரைத் திருப்பித் தருவார்கள். 200 ரூபாய் விலை வைத்தால் பல நூறு பிரதிகள் விற்கவேண்டும். கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் விற்ற பங்குக்கு வரி பிடிப்பார்கள். படிவத்தில் உன் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 30க்குப் பதில் 15 சதவீதம்தான். நண்பர்களுக்கு விளையாட்டைத் திறக்கும் இலவசச் சாவி எண் கொடுத்து விமர்சனம் எழுத வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். சாவியில் திறந்தவர்களின் விமர்சனம் மதிப்பெண் கணக்கில் சேராது. கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களுடையதுதான் சேரும். அதுவும் பத்து பேராவது எழுதிய பிறகே மதிப்பெண் தெரியும்.

கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். 'விரைவில்' என்கிற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் கடையில் இருக்கவேண்டும். நீ அதை நான்கைந்து மாதம் வைத்திரு. எப்படியும் உடனே வெளியிட முடியாது; ஆகவே கடன் வாங்க அவசரமில்லை. எழுத்தைச் சரிசெய்து, டீசல் காட்சிகளை நீக்கி, புதிய பதிப்பை எனக்கு அனுப்பு. திருச்செங்கோட்டில் எனக்குத் தெரிந்த டிரில்லர் ஒருவர் மழைக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்கு வருவார். அவரிடம் உன்னை அழைத்துப் போகிறேன். அவர் ஆடி முடிக்கட்டும், பிறகு கட்டலாம்.

அன்புடன்,
அண்ணன்