மீன் துள்ளினால் தண்ணீர் சுத்தமா?

ஆற்றிலோ ஏரியிலோ மீன் துள்ளுவதைப் பார்த்தால் நாம் உடனே சொல்வது, "மீனே உயிரோட இருக்கு, தண்ணி நல்லாத்தான் இருக்கும்." இந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. ஏன் என்று பார்ப்போம்.

விருத்தாசலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்திருப்பீர்கள். மின்சாரம் கசியாமல் தடுப்பது அதன் வேலை. டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டருக்குள் அதே வேலையை ஒரு காலத்தில் பிசிபி என்ற எண்ணெய் போன்ற ரசாயனம் செய்தது. லேசில் தீப்பிடிக்காது, லேசில் சிதையாது. தொழிற்சாலைக்கு அது வரம். ஆற்றில் கலந்தால் அதே குணம்தான் வினை.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் நடந்தது இது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த இரண்டு கெபாசிட்டர் ஆலைகள், 1947 முதல் 1977 வரை, சுமார் 590 டன் வரை பிசிபியைக் கலக்க விட்டன. அங்கே டாம்காட் என்று ஒரு மீன் உண்டு. அதன் கல்லீரலில் பிசிபி ஏராளம்; ஆனாலும் மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. காரணம் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

மீனின் செல்லுக்குள் ஏஎச்ஆர்2 என்றொரு புரதம். அதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிபி அதில் சாவி போலப் போய் மாட்டும். மாட்டியதும், சும்மா இருக்க வேண்டிய மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். முட்டைக்குள் வளரும் குஞ்சின் இதயம் சரியாக உருவாகாது. ஹட்சன் டாம்காட்டில் இந்தப் பூட்டுக்கான மரபணுவில் ஆறே ஆறு டிஎன்ஏ எழுத்துகள் இல்லை. அதனால் சாவி சரியாகப் பொருந்துவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்த மாற்றத்தை பிசிபி உருவாக்கியதாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பக்கத்து ஆறுகளிலும் ஒரு சில மீன்களுக்கு அது இருந்தது. ஹட்சனில் மற்ற மீன்களின் குஞ்சுகள் பிழைக்காமல் போக, இந்த வகை மட்டும் பெருகிவிட்டது. சில பத்தாண்டுகளிலேயே!

மீன் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா? விஷம் எங்கும் போகவில்லை. மீனின் கொழுப்பிலும் கல்லீரலிலும் அப்படியே இருக்கிறது. அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் போகும், அங்கிருந்து நம் தட்டுக்கு வரும். செத்திருந்தால் அந்த மீனை நாம் தொட்டிருக்கவே மாட்டோம்.

எல்லா ரசாயனமும் இப்படிப் பூட்டில் மாட்டுவதில்லை. சில கன உலோகங்கள் டிஎன்ஏ இழையையே உடைக்கக்கூடியவை. அதைக் கண்டுபிடிக்க மீனின் ஒரு சொட்டு ரத்தம் போதும். நம்முடையதைப் போல் இல்லாமல், மீனின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. செல்லைக் களிமத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால் உடைந்த டிஎன்ஏ வால் நட்சத்திரம் போல இழுபடும். வால் நீண்டால் சேதம் அதிகம்.

பீங்கான் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம், காட்மியம் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. உலோகம் மட்கிப் போகாது. ஆகவே மிச்சமான மெருகுக் கலவையை வாய்க்காலில் கொட்டாதீர்கள். மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மீனும் அந்த வழியில்தான்.

பிசிபி விஷயத்தில் இந்தியா 2016-இல் ஆணை பிறப்பித்தது. தயாரிப்புக்கும் இறக்குமதிக்கும் தடை. பயன்பாட்டை முற்றிலும் நிறுத்தக் கெடு 2025 டிசம்பர் 31. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மீன் நல்ல உணவு, அதை விட வேண்டாம். சந்தேகமான நீர்நிலை என்றால் குடல், கல்லீரல், கொழுப்பை நீக்குங்கள். கொதிக்க வைத்தால் பிசிபியோ ஈயமோ அழியாது. ஆற்றில் நிறம் மாறினாலோ மீன்கள் செத்து மிதந்தாலோ இடம், நேரம் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-இலும் புகாரைப் பதியலாம். ஓர் ஆலைக்கு என்ன நிபந்தனையில் அனுமதி தரப்பட்டது, கழிவுநீர்ப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம். மனுவில் "கன உலோக அளவு" என்று குறிப்பிட்டே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.