நீர்க்கட்டு: ஒரு சொல், இரு நிலைகள்

செவிலியர் பாடத்தில் கலைச்சொற்கள் ஏராளம். அவற்றுள் நான் முதலில் வைப்பது ஒரு வேறுபாட்டை. ‘நீர் இறங்கவில்லை’ என்று நோயாளி சொன்னால், நீர் ஊறவில்லையா, ஊறியும் வெளியேறவில்லையா? நம் பேச்சில் இரண்டும் நீர்க்கட்டுத்தான்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறக்குறைய ஒன்றரை லிட்டரையே சிறுநீராக விடுகின்றன. அது 400 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் ஆலிகூரியா. 100க்கும் குறைந்தால் அனூரியா. 3 லிட்டரைத் தாண்டினால் பாலியூரியா. நீரிழிவில் இதைக் காணலாம். வலியோடு கழிவது டிஸ்யூரியா. இதற்கு நம்மவர் வைத்த பெயர் நீர்க்கடுப்பு, எவ்வளவு பொருத்தம்!

தேக்கம் என்பது வேறு. சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது, பைதான் காலியாவதில்லை. அடிவயிறு புடைத்திருக்கும், விரலால் தட்டினால் மந்தமான ஓசை கேட்கும். அனூரியாவிலோ பை வெறுமையாயிருக்கும். ஏமாற்றும் நிலையும் ஒன்றுண்டு. நிரம்பிய பை வழிந்து சொட்டுச் சொட்டாகப் போகும். ‘போகிறதே’ என்று உறவினர் சொல்வதை நம்பி, அடிவயிற்றைத் தொட்டுப் பாராமல், அளவுக் குவளையையும் எடுக்காமல் விட்டால், தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

தேக்கமெனில் முதலில் மறைப்புத் திரை வேண்டும். கூச்சமே பலருக்குத் தடை. ஆண்கள் எழுந்து நிற்க உதவலாம்; குழாயைத் திறந்து நீரோசை கேட்கச் செய்யலாம். பலிக்காவிட்டால், வலி மிகுந்தாலும், தாமதியாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் ஆணைப்படியே வடிகுழாய். கிருமி நுழைய அதுவும் ஒரு வழியாதலால், சேகரிப்புப் பையை என்றும் சிறுநீர்ப்பைக்குக் கீழ் மட்டத்திலேயே தொங்கவிட்டு, வெளிவந்த அளவையும் மணியையும் உடனே குறிக்க வேண்டும்.