உதிர்ந்த இலையில் ஒரு சேவல்

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் சின்னப் பிள்ளைகள் பழுத்த இலைகளைப் பொறுக்கிப் படம் ஒட்டுவார்கள். நம்ம தோட்டத்தில் அப்படி ஒரு காலம் இல்லை. ஆனால் சவுக்கு மரம் இருக்கிறதே! அதன் இலை பிரிந்து பிரிந்து சேவல் வால் மாதிரி இருக்கும்; காய்ந்தாலும் அடிப்பக்கம் வெள்ளியாக மினுங்கும். 2, 3 வயதுப் பிள்ளையோடு நாமும் ஒரு சேவல் செய்வோம்.

தேவையானவை: உதிர்ந்த இலைகள், பழைய கலண்டர் தாள், கோதுமை மா.

செய்முறை:

1. 2 மேசைக்கரண்டி மாவை 1 கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு நெருப்பில் பசையாகும்வரை கிண்டுங்கள். நன்றாக ஆறட்டும்.

2. தாளின் பின்பக்கம் சேவலின் உடம்பை மட்டும் நீங்கள் கீறுங்கள்.

3. பசை தடவுவதும் இலை ஒட்டுவதும் பிள்ளையின் வேலை. வாலைத் தலையில் ஒட்டினாலும் திருத்த வேண்டாம். "இது பெரிய இலையா, சின்ன இலையா? என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். விரலும் பழகும், பேச்சும் வளரும்.

கவனம்: மருந்து அடித்த மலையில் இலை பொறுக்க வேண்டாம். மருந்து வந்த போத்தல், டின், பை எதையும், கழுவினாலும், பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. விதை, பொத்தான் தொண்டையில் அடைக்கும், அவையும் வேண்டாம். முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கொழுந்து நிறுத்து வீடு வந்தால் களைப்புத்தான், எங்களுக்குத் தெரியும். கால் மணி நேரம் போதும். சேவலை வீட்டுச் சுவரில் ஒட்டி, அப்பா வந்ததும் பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் கை அது.