யூபிஎஸ்ஸில் சிறிய பாட்டரி போடலாமா?

யூபிஎஸ் பாட்டரி தீர்ந்துபோய் கடைக்குப் போனால், "7 ஏஹெச் ஸ்டாக் இல்லை, 4.5 போட்டுக் கொள்ளுங்கள், அதுவும் 12 வோல்ட்தான்" என்று சொல்லக்கூடும். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனாலும் வேண்டாம்.

பாட்டரி மேல் 7 ஏஹெச் (ஆம்பியர் அவர்) என்று இருப்பது, 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. கரண்ட் போனதும் உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், பாட்டரி 10 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். இந்த வேகத்தில் எந்த லெட் ஆசிட் பாட்டரியும் முழு அளவைத் தராது. சிறிய பாட்டரியில் வோல்டேஜ் இன்னும் சீக்கிரம் சரியும். யூபிஎஸ் சீக்கிரமே அணைந்துவிடும். பைக்கில் ஹார்ன் நன்றாக அடிக்கும், செல்ப் ஸ்டார்ட் மட்டும் முனகும் அல்லவா? அதே கதைதான்.

போவது சேமிக்காத பைல் மட்டுமல்ல. டிஸ்கில் எழுதிக் கொண்டிருக்கும்போது அணைந்தால் விண்டோஸே கிளம்பாமல் போகலாம்.

லேசான லித்தியம் பாட்டரி? யூபிஎஸ்ஸின் கையேடு அனுமதித்தால் மட்டுமே. லெட் ஆசிடுக்கான சார்ஜர் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

எதை மாட்டினாலும் ஒரு இரவு சார்ஜ் செய்துவிட்டுச் சோதியுங்கள். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டை யூபிஎஸ்ஸில் இணைத்து, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஐந்து நிமிடமாவது எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.